படிப்பு சுமாரான பையனுக்கு அரவணைப்பான தனியார் பள்ளி – வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்கணும், உதவுங்க

புதுசா வந்த அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்க வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது. பையனுக்குப் படிப்பு சுமார்தான். ஊர்ல ட்யூஷன் வச்சு எப்படியோ ஒப்பேத்திட்டோம். இங்க ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டேங்கிறான். ரொம்பப் பெரிய பள்ளி, பெல் அடிச்சா காரிடார்ல நடக்கவே பயமா இருக்குங்கிறான். ஒரு சின்ன தனியார் பள்ளி போய்ப் பார்த்தோம். ஹெட் டீச்சர் அவ்வளவு அன்பா பேசினாங்க. சீட் ஒண்ணுதான் இருக்காம், வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டச் சொல்றாங்க. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாங்கிறார். இந்த மாதிரி பிள்ளைகளைத் திட்டாம அனுசரிச்சுப் போற பள்ளி எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி தூக்கமே இல்லை.

ரெடிங் அப்பா:
எந்த ஊர்? பையன் எந்த இயர்? எவ்வளவு கட்ட முடியும்? இது மூணும் தெரியாம பள்ளி பேர் சொல்றவங்களை நம்பாதீங்க.

ஹாரோ மாமா:
தனியாருக்குப் பணத்தைக் கொட்டாதீங்கம்மா. கிராமர் ஸ்கூலுக்கு முயற்சி பண்ணுங்க, தேர்வு வச்சு எடுக்கிற அரசுப் பள்ளி அது. என் பொண்ணு லெவன் ப்ளஸ் நுழைவுத்தேர்வு எழுதி உள்ள போனா, அஞ்சு பைசா செலவில்லை. வெர்பல் ரீசனிங்குக்கு நாலாவதுலேயே ஆரம்பிச்சிடணும், அதுதான் சூட்சுமம். எந்தெந்தப் புத்தகம்னு வேணும்னா தனியா அனுப்பறேன்.

ரெடிங் அப்பா:
மாமா, பையனுக்குப் படிப்பு சுமார்னுதான் அவங்க எழுதியிருக்காங்க.

ஹாரோ மாமா:
சுமார்னு சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைங்க சுமாரா போகுது.

சிட்னி பக்கம்:
இங்க கத்தோலிக்கப் பள்ளிகள்ல பாருங்க சிஸ்டர். மத்த தனியார் பள்ளிகளை விட ஃபீஸ் ரொம்பக் கம்மி, நம்ம பிள்ளைங்களும் நிறைய. நீங்க எந்த ஸ்டேட்?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. நாங்கள் வந்த காலத்தில கடைக்கு மேல ஒரு அறை, அதுக்குள்ள அஞ்சு பேர். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில விட்டா, அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. டீச்சர் கடிதம் குடுத்து விட்டா அதைக் கொண்டுபோய்க் கீழ கடைக்காரரிட்டைத்தான் வாசிப்பிக்கிறது. ஹீட்டருக்கு மீற்றரில காசு போடோணும், காசு முடிஞ்சா போர்வைக்குள்ளதான் ஹோம்வேர்க். அவன் இப்ப எலக்ட்ரீசியன், சொந்த வான் வச்சிருக்கிறான். எந்தத் தனியார் பள்ளிக்கூடமும் இல்லை. பிள்ளை வளரும்.

புதுசா வந்த அம்மா:
மன்னிக்கணும், அவசரத்துல எதையுமே எழுதலை. இங்கிலாந்துதான், மிட்லாண்ட்ஸ் பக்கம். இயர் 9, அதாவது 13-14 வயசு வகுப்பு. ஜனவரியில சேர்ந்தான். வீட்டுக்காரர் ஸ்கில்டு ஒர்க்கர் விசா, நாங்க டிபெண்டென்ட். ஃபீஸ் ஒரு டேர்முக்கு 5,900 பவுண்டாம், ஈஸ்டர் முடிஞ்சு சேர்க்கலாம்னாங்க. விசாவுல அரசு உதவி எதுவும் கிடையாதுன்னு போட்டிருக்கே, பிள்ளை அரசுப் பள்ளியில படிக்கிறதே பின்னாடி பிரச்சினை ஆகுமோன்னு வேற ஒரு பயம்.

ரெடிங் அப்பா:
கடைசி பயத்தை முதல்ல விடுங்க. அரசுப் பள்ளிப் படிப்பு அந்தத் தடையில வராது. டிபெண்டென்ட் பிள்ளைங்க இலவசமா படிக்கலாம், விசா நீட்டிப்புக்கு இதால ஒண்ணும் ஆகாது.

அடுத்து ஃபீஸ். அந்த 5,900 வாட் வரி சேர்த்தா, சேர்க்காமலா? 2025 ஜனவரி 1ல இருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட். சேர்க்காம சொல்லியிருந்தா டேர்முக்கு 7,080. ஈஸ்டர்ல இருந்து இயர் 11 முடியற வரைக்கும் ஏழு டேர்ம், 49,560 பவுண்ட். நடுவுல ஃபீஸ் ஏறாதுன்னு வச்சுக்கிட்டே இவ்வளவு. பஸ், சாப்பாடு, யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி. உங்க வீட்டுக்காரர் வேண்டாங்கிறது கோபத்துல இல்லை, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்திருப்பார்.

லெஸ்டர் தோழி:
பணம் பணம்னு பேசாதீங்க. என் பையனை மாத்தினோம், ஆளே மாறிட்டான். வகுப்புல பதினஞ்சு பேர். டீச்சருக்கு அவன் பேர் தெரியும், அவன் நாய்க்குட்டி பேர் வரைக்கும் தெரியும். முப்பது பேர் வகுப்புல கடைசி பெஞ்ச்ல ஒளிஞ்சிக்கலாம், பதினஞ்சு பேர்ல முடியாது. கடன் வாங்கியாவது போடுங்க அக்கா. இந்த ரெண்டு வருஷம் திரும்ப வராது.

பெயர் வேண்டாம்:
எங்களுக்கு நேர் எதிர். அதே மாதிரி சின்ன பள்ளி, அதே மாதிரி அன்பான ஹெட். இயர் 10 பாதியில கூப்பிட்டு, "உங்க பையனுக்கு வேற இடம் பொருத்தமா இருக்கும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ரிசல்ட் பட்டியல் கெட்டுப் போகக் கூடாதாம், அதை மட்டும் வெளியில சொல்ல மாட்டாங்க. தனி உதவி வகுப்புக்கு வாரா வாரம் பில் வேற. அரசுப் பள்ளியில தகுதி பெற்ற சென்கோ, அதாவது தனி உதவி தேவைப்படற பிள்ளைகளைக் கவனிக்கிற டீச்சர், ஒருத்தர் இருக்கணும்னு சட்டமே இருக்கு. தனியார்ல அந்தக் கட்டாயம் இல்லை, பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டக் கூடாதுங்கிற சமத்துவச் சட்டம் பொருந்தும். நல்ல தனியார் பள்ளி இல்லைன்னு சொல்லலை. ஹெட்டோட சிரிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீங்க.

லெஸ்டர் தோழி:
ஒரு பள்ளி அப்படின்னா எல்லாமே அப்படியா?

பெயர் வேண்டாம்:
ஒரு பள்ளி நல்லா இருந்தா எல்லாமே நல்லா இருக்குமா?

ஹாரோ மாமா:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. மூல காரணம் வீட்டுல கண்டிப்பு இல்லாதது. போனைப் பிடுங்கி வச்சாலே பாதி சரியாயிடும்.

மழையில் நனைந்தவன்:
பள்ளி கிடக்கட்டும், இந்த நாட்டுல எதுக்குத்தான் பணம் கொடுக்காம இருக்கோம்? விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் பெரியவங்களுக்குத் தலைக்கு வருஷம் 1,035 பவுண்ட், முன்கூட்டியே கட்டிட்டுத்தான் உள்ள வர்றோம். ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மெண்ட்டுக்குக் காலை எட்டு மணிக்கு போனைக் கட்டிக்கிட்டு உட்காரணும். கவுன்சில் டாக்ஸ் தனி. குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டு.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அதைச் சொல்லுங்கோ தம்பி. இப்ப உள்ளி விலை தெரியுமோ?

சிட்னி பக்கம்:
இங்க வாடகையைக் கேட்டா மயக்கம் போட்டுருவீங்க.

மழையில் நனைந்தவன்:
வெயிலாவது இருக்கே சார்.

வகுப்பு உதவியாளர்:
நான் ஒரு செகண்டரி பள்ளியில டீச்சிங் அசிஸ்டென்ட்டா இருக்கேன். பிள்ளையைப் பத்தி யாருமே கேட்கலை, அதனால நான் கேட்கிறேன். அவனுக்கு வாசிக்கிறது கஷ்டமா, எழுதறது கஷ்டமா, இல்லை இங்கிலீஷ்ல பேச வெட்கமா? தமிழ்ல கதை சொல்லச் சொன்னா கோர்வையா சொல்வானா? கண், காது சோதிச்சீங்களா? எந்த வேலை கொடுத்தா நேரம் போறதே தெரியாம செய்வான்?

இதெல்லாம் தெரியாம பள்ளியை மாத்தறதுல ஒரு சிக்கல் இருக்கு. புது மொழியில விழுந்த பிள்ளைங்க மாசக்கணக்குல பேசாம இருக்கிறது ரொம்ப சகஜம். உள்ளுக்குள்ள எல்லாம் ஏறிக்கிட்டு இருக்கும், வாய் மட்டும் திறக்காது. அது பெரும்பாலும் தானா சரியாகும். ஆனா ஊர்லயும் ட்யூஷன் வச்சுத்தான் தேறினான்னு சொல்றீங்க. அப்போ டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கிறதுல வர்ற சிரமம், மாதிரி ஏதாவது இருக்கான்னும் பார்க்கணும். அது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கூடவே வரும். 16 வயசுக்குள்ள கண் பரிசோதனை இலவசம், நாளைக்கே கடைத்தெருவுல இருக்கிற ஆப்டிஷியன்கிட்ட கூட்டிட்டுப் போகலாம். காதுக்கு ஜிபி வழியா.

இப்ப இருக்கிற பள்ளியோட சென்கோவுக்கு ஒரு ஈமெயில் போடுங்க. நீளமா வேண்டாம். "காரிடார்ல பயப்படுகிறான், வகுப்பில் பேசுவதில்லை, சந்திக்க நேரம் வேண்டும்" அது போதும். பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி வகுப்பை விட்டுக் கிளம்ப ஒரு பாஸ் கொடுக்கலாம், மதியம் உட்கார அமைதியான அறை காட்டலாம். நீங்க கேட்கிற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது, ஏன்னா பேசாத பிள்ளை யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை.

பிரச்சினை பெருசுன்னு தெரிஞ்சா கவுன்சில்கிட்ட இஎச்சிபிக்கு, அதாவது பிள்ளைக்கு என்ன தனி உதவி வேணும்னு எழுதித் தர்ற சட்டபூர்வமான திட்டத்துக்கு, மதிப்பீடு கேட்கலாம். பெற்றோரே நேரடியா கேட்கலாம், டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கேட்கணும்னு இல்லை. மதிப்பீடு செய்வாங்களா இல்லையான்னு 6 வாரத்துல சொல்லணும், மொத்தம் 20 வாரத்துல முடிக்கணும்னு விதி. விதிப்படி எல்லா கவுன்சிலும் நடக்கிறதில்லைங்கிறது வேற கதை. பரீட்சையில 25 சதவீதம் கூடுதல் நேரம் வாங்கறதுக்கும் பள்ளி இப்பவே கவனிச்சு எழுதி வைக்கணும்.

இன்னொண்ணு, இயர் 9 வசந்த காலம்னா ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவுல எழுதற பொதுத்தேர்வு) பாடம் தேர்ந்தெடுக்கிற ஃபார்ம் வந்திருக்கணுமே. கொடுத்தாச்சா?

புதுசா வந்த அம்மா:
ஆப்ஷன்ஸ்னு ஒரு ஃபார்ம் பையில கசங்கிக் கிடந்தது. எதுக்குன்னு புரியாம ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன். புதன்கிழமை கடைசி நாளாம். தமிழ்ல நல்லா கதை சொல்வான். வாசிக்கச் சொன்னாத்தான் வரியை விட்டுட்டு விட்டுட்டு வாசிப்பான், ஊர்லயும் அப்படித்தான். சைக்கிளைப் பிரிச்சு மாட்டறதுன்னா சாப்பாடு தண்ணி வேண்டாம்.

வகுப்பு உதவியாளர்:
உங்க அவசரம் வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமை. அந்த ஃபார்ம்ல டிசைன் அண்ட் டெக்னாலஜி, இன்ஜினியரிங், ஹாஸ்பிடாலிட்டி மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. பெரிய அரசுப் பள்ளிங்கள்ல ஒர்க்ஷாப், சமையலறை எல்லாம் இருக்கும், கையால செய்யற பாடங்களும் இருக்கும். சின்ன தனியார் பள்ளியில இடம், டீச்சர் ரெண்டும் பத்தாம வெறும் ஏட்டுப் பாடமா ஒன்பது எடுக்க வைக்கலாம். உங்க பையனுக்கு அது தண்டனை. புத்தகத்துல மந்தமான பிள்ளைக்குச் சின்ன பள்ளிதான் நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறோம், எனக்கு அதுல சந்தேகம் உண்டு.

ரெடிங் அப்பா:
நல்ல பாயிண்ட். 16க்கு அப்புறமும் வழி இருக்கு. இங்கிலாந்துல 18 வரைக்கும் ஏதோ ஒரு படிப்புலயோ பயிற்சியிலயோ இருக்கணும், அது நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரியான ஏ லெவலாத்தான் இருக்கணும்னு இல்லை. காலேஜ்ல பீடெக் இருக்கு, நம்ம ஊர் இன்ஜினியரிங் டிகிரி இல்லை, இது தொழில் சார்ந்த படிப்பு. 2020ல வந்த டி லெவல்னு இன்னொரு தொழில் படிப்பு இருக்கு, வேலை பார்த்துக்கிட்டே கத்துக்கிற அப்ரண்டிஸ்ஷிப் இருக்கு. ஜிசிஎஸ்இல இங்கிலீஷ், மேத்ஸ் ரெண்டுலயும் கிரேடு 4, அதாவது பாஸ், வாங்கிட்டா பாதி தலைவலி போச்சு, இல்லைன்னா அதுக்கப்புறமும் அதைப் படிச்சுக்கிட்டே இருக்கணும். ட்யூஷனுக்குப் பணம் போடறதா இருந்தா அந்த ரெண்டுக்கும் போடுங்க.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
நான் சொன்னது இதைத்தான். எங்கட பெடியன் அப்ரண்டிஸ்தான்.

பெயர் வேண்டாம்:
அப்படியும் தனியார்தான்னு தோணுச்சுன்னா, ஓபன் டேயை நம்பாதீங்க. சாதாரண நாள்ல, மதிய இடைவேளையில போய் நில்லுங்க. தனியா உட்கார்ந்து சாப்பிடற பிள்ளைகிட்ட யாராவது பேசறாங்களான்னு பாருங்க. பையனை ஒரு நாள் டேஸ்டர் டேக்கு, சேரறதுக்கு முன்னாடி வகுப்புல உட்கார்ந்து பார்க்க, விடச் சொல்லுங்க. ஹெட்டை விட்டுட்டு, தனி உதவி தர்ற டீச்சர்கிட்ட பேசுங்க. வகுப்புலேயே மார்க் குறைஞ்ச பிள்ளை எத்தனை பாடம் எடுத்தது, ரிசல்ட்டுக்கு அப்புறம் எங்க போச்சு, ரெண்டு வருஷத்துல நடுவுல வெளியே போனவங்க எத்தனை பேர்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா அதுவே பதில். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், பள்ளிகளை ஆய்வு பண்ற ஐஎஸ்ஐ இல்லைன்னா ஆஃப்ஸ்டெட் அமைப்போட தளத்துல இலவசம்.

ரெடிங் அப்பா:
கணக்கையும் பாருங்க. நிறைய தனியார் பள்ளிகள் அறக்கட்டளைகள்தான், வரவு செலவு சேரிட்டி கமிஷன் தளத்துல கிடக்கும், மத்தது கம்பெனிகளைப் பதிவு பண்ற கம்பெனிஸ் ஹவுஸ் தளத்துல. வாட் போக 2025 ஏப்ரல்ல சொத்து வரிச் சலுகையும் போச்சு, சின்ன பள்ளிகளுக்கு மூச்சு முட்டுது. இயர் 10 நடுவுல பள்ளியை மூடிட்டா, வேற தேர்வு வாரியத்து பாடத்திட்டத்துல முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். அப்புறம் ஒப்பந்தத்துல நோட்டீஸ் பகுதி. பெரும்பாலும் ஒரு முழு டேர்ம் முன்னாடி சொல்லணும், இல்லைன்னா ஒரு டேர்ம் ஃபீஸ் கட்டணும். கையெழுத்துப் போட்டுட்டு, சேரறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு சொன்னாலும் அது பொருந்தலாம். டெபாசிட்தானே போகட்டும்னு நினைச்சுடாதீங்க.

ஹாரோ மாமா:
சைக்கிள் மாட்டறதெல்லாம் படிப்பா?

லெஸ்டர் தோழி:
மாமா, உங்க பாய்லர் ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடறீங்க, எவ்வளவு கொடுக்கறீங்க?

புதுசா வந்த அம்மா:
ஃபார்மை அவன்கிட்டயே கொடுத்து டிக் பண்ணச் சொன்னேன். டிசைன் டெக்னாலஜி, இன்ஜினியரிங் ரெண்டையும் என்னைக் கேட்காமலே போட்டான். மூணாவது ஜியோகிரபி. சென்கோ பதில் போட்டாங்க, வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. தனியார் பள்ளிக்கும் போன் பண்ணி, டேஸ்டர் டே முடியாம டெபாசிட் கட்ட முடியாதுன்னு சொன்னேன். சீட் ஒண்ணுதான்னு சொன்னவங்க, சரி, ஈஸ்டர் வரைக்கும் வைக்கிறோம்னுட்டாங்க. வீட்டுக்காரரும் சென்கோகிட்ட வர்றேங்கிறார். அங்க என்ன எடுத்துட்டுப் போகணும்?

வகுப்பு உதவியாளர்:
ஊர் மார்க் ஷீட், அங்க எழுதின நோட்டு ரெண்டு, கண்ணாடிக்காரர் கொடுக்கிற தாள். இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ண முடியுமான்னு இன்னைக்கே ஈமெயில்ல கேளுங்க, பையனை மொழிபெயர்க்க வைக்காதீங்க. பேசி முடிச்சதும், என்ன செய்யறதா ஒத்துக்கிட்டாங்களோ அதை எழுதி அவங்களுக்கே ஒரு ஈமெயில் போட்டு, மறுபடி எப்ப சந்திக்கலாம்னு தேதி வாங்கிடுங்க.