மில் மூடிய ஊரில் வாடகைக்கு விட வீடு வாங்கியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

தகரக்கூரை:
முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலை அடிமட்டம், வாடகை பரவாயில்லை, புரோக்கர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவார். நானும் அந்த எண்ணை நம்பித்தான் போனேன். புரோக்கர் சாவி வாங்கப் போன நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கூப்பிட்டார். "எந்த ஷிப்ட் தம்பி?" ஆலை மூடிப் பல வருடம் ஆகிறது. தெருவுக்குள் புது முகம் வந்தால் வேலைக்கு வந்தவன் என்றுதான் அவருக்கு இன்னும் தோன்றுகிறது போல. "இல்லைங்க, வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு பார்க்கிறேன்" என்றேன். "யாருக்கு?" என்றார்.

கிண்டல் துளியும் இல்லை. ஊருக்குள் யாருக்கோ வேலை கிடைத்து, அந்தச் சேதி தனக்கு மட்டும் வராமல் போய்விட்டதோ என்கிற முகம். முன்னால் சாய்ந்து, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். வீட்டை வாங்கியும்விட்டேன், அது வேறு கதை. இதைத்தான் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சாவிக்கொத்து:
காலி வீட்டில் செம்புக் குழாய் போகும் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் போனது. பழையவர்கள் காலி செய்து, புதியவர்கள் வருவதற்கு இடைப்பட்ட வாரங்களில். ஆனால் நான் கதவைத் திறந்தபோது வீடு காய்ந்து கிடந்தது. மெயின் வால்வை இறுக்கி மூடிவிட்டுத்தான் அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடமெல்லாம் கட்டர் வைத்து வெட்டிய சுத்தமான வட்டம், எங்கும் பிசிறு இல்லை. சமையலறையில் வெட்டிய முனையில் ஒரு பழைய துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது, மிச்சத் தண்ணீர் மரத்தரையில் சொட்டக் கூடாது என்று. குழாயைத் திருட வந்த ஆள் தரையைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான்! அந்த ஊர் ஆலையில் பிட்டராக இருந்தவனாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. ஆத்திரப்படவும் முடியவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள், வீடு காலியாகக் கிடந்தது, பாலிசியில் அதற்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

கூட்டல்கழித்தல்:
தகரக்கூரை நண்பரே, பெரியவர் கேட்ட "யாருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, நீங்கள்தான் சொல்லவில்லை. ஆலை போனாலும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் இருக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்கு வீடு வேண்டும்.

என் அனுபவம் சின்னது. ஒரு வீட்டைப் பார்த்தேன், பக்கத்து இரண்டு வீடுகளின் கதவிலும் நகராட்சி இடிப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் வாங்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த ஊர்களில் விலை ஏன் இவ்வளவு கீழே போகிறது? மனிதர்கள் கிளம்பிவிடுவார்கள், வீடுகள் கிளம்பாது. எட்வர்ட் கிளேசர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 2005இல் இதைத்தான் எழுதினார். ஊர் வளரும்போது புதுவீடு கட்டிக்கொண்டே போகலாம். ஊர் சுருங்கும்போது கட்டியதைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் விலை, கட்டுமானச் செலவுக்கும் கீழே இறங்கி அங்கேயே படுத்துவிடும். அமெரிக்காவின் யங்ஸ்டவுனைப் பாருங்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, காம்ப்பெல் இரும்பாலையை மூடுவதாக அறிவித்தார்கள், சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. 1930இல் 1,70,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது சுமார் 60,000 பேர்தான். கிழக்கு ஜெர்மனியில், இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு ஆலைகள் மூடி, ஏறத்தாழ 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. 2002 முதல் அரசே பணம் கொடுத்து இடிக்க ஆரம்பித்தது. ஆக, குறைந்த விலையில் கிடைப்பது தள்ளுபடி இல்லை, அதுதான் அந்த வீட்டின் விலை.

போட்ட பணத்தில் வருடத்துக்கு இவ்வளவு வாடகையாகத் திரும்பும் என்று புரோக்கர் காட்டும் சதவீதம், பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்கிற கணக்கு. அதை அப்படியே நம்பாமல், காலி மாதங்களைக் கழியுங்கள், கூரைச் செலவைக் கழியுங்கள். கூரை மாற்றும் கூலி பெரிய ஊரில் எவ்வளவோ அதற்குப் பக்கத்தில்தான் இங்கேயும் வரும், வாடகை மட்டும்தான் சின்ன ஊர் வாடகை. இது யாரும் சொல்லித் தராத இடம். அப்புறம் அந்தத் தெருவுக்கு இரவு ஏழு மணிக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பள்ளியில் முதல் வகுப்பில் எத்தனை பேர், கடைசி வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். சொத்து வரி பாக்கியை நகராட்சியிலேயே நேரில் கேளுங்கள், விற்பவர் சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு பத்திரம் எழுதாதீர்கள். ஊரில் ஒரே முதலாளி மிச்சம் இருந்தால் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். இன்னும் இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

மூன்றாம்ஷிப்ட்:
கூட்டல்கழித்தல் சார், நீங்கள் விளக்கு எண்ணச் சொல்கிற தெருவில் நான் குடியிருந்தேன். வாங்கியவள் இல்லை, வாடகைக்கு இருந்தவள். எங்கள் வீட்டை ஆளோடு சேர்த்து விற்றார்கள். விளம்பரத்தில் "வாடகை உடனே வரும்" என்று போட்டிருந்தது, அந்த வாடகை நாங்கள்தான்.

வாங்க வந்தவர் டேப்போடு வந்தார். அம்மா இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் புரோக்கர் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவைப் பார்த்ததும் அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், அதுவரை சரி. ஆனால் போகவில்லை. அம்மாவின் கட்டிலைத் தாண்டி டேப்பை நீட்டி, ஒருவர் இந்தச் சுவரில் பிடிக்க, இன்னொருவர் அந்தச் சுவரில் பிடிக்க, அளந்து எழுதிக்கொண்டார்கள். டேப் அம்மாவின் கால் மேல் தொங்கியது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒழுகும் கூரையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டிருந்தால் பக்கெட் வைக்கும் இடங்களைக் காட்டியிருப்பேன். குடியிருப்பவளிடம் யார் கேட்கிறார்கள்?

கூட்டல்கழித்தல்:
அம்மாவுக்கு நடந்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் விளக்கு எண்ணுவதும் அதுவும் ஒன்றா? வெளியே நின்று பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்றாம்ஷிப்ட்:
கரண்ட் பில்லுக்குப் பயந்து ஒரே அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு, திரையையும் இழுத்து விட்டு உட்கார்ந்திருப்போம். நீங்கள் எங்களைக் காலி வீடு என்று எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள்.

தகரக்கூரை:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கூட்டல்கழித்தல் சொன்ன மாதிரி என் வீட்டில் இப்போது ஒரு நர்ஸ் இருக்கிறார், வாடகை ஒழுங்காக வருகிறது. ஆஸ்பத்திரி என்றைக்கும் இருக்கும் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஜப்பானின் நிலக்கரி ஊரான யூபாரியின் நகராட்சி 2007இல் திவாலானது. நூலகத்தை மூடினார்கள், பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். முதலாளி போன ஊரில் அரசு வேலையும் பின்னாலேயே சுருங்கும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று அந்த நர்ஸ்தான் சொன்னார்.

இரும்புப்பெட்டி:
சாவிக்கொத்து, காலி வீட்டுக்கென்றே தனி பாலிசி விற்கிறார்கள், பிரீமியம் கூடுதல். சாதாரண பாலிசியில் பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாள் கெடு இருக்கும், அதற்கு மேல் ஆள் இல்லை என்றால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்பார்கள். ஆள் கிளம்புகிறார் என்று தெரிந்த அன்றே கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள். நீங்கள் எழுதினீர்களா?

சாவிக்கொத்து:
எழுதினேன், அதைத்தான் ஆதாரமாகக் காட்டி மறுத்தார்கள். இப்போது முழுக்க பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. "உள்ளே செம்பு இல்லை" என்று வாசலில் எழுதி ஒட்டச் சொன்னார் பிளம்பர், அந்தத் தெருவில் காலி வீடுகளுக்கு அதுதான் வழக்கமாம். ஒட்டியிருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள், அதற்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நல்லது.