மறுமொழி: அதிர்வுச் சோதனையா, உலுக்குச் சோதனையா?

ஐயா, வணக்கம்.

புதுப் போர்க்கப்பலுக்கு அருகே நீருக்கடியில் வெடி வெடித்துப் பார்ப்பதற்கு (ஆங்கிலத்தில் shock trial) நீங்கள் சொன்ன தமிழ்ப்பெயர் 'அதிர்வுச் சோதனை' ஓரிடத்தில் முட்டுகிறது. அந்தப் பெயருக்குரிய சோதனை வேறு. ஐந்து இதழ் உந்துசுழலி (புரொப்பல்லர்) நிமிடத்துக்கு 180 சுற்று சுற்றினால் விநாடிக்கு 15 துடிப்பு கப்பலுடலில் ஏறும். அந்தத் தாளத்துக்கு ராடார் கம்பம் ஒத்து ஆடுகிறதா என்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி அளப்பார்கள். அது ஓயாத நடுக்கம். வெடி, மில்லிவிநாடிகளில் விழும் ஒற்றை அடி.

'அதிர்ச்சி'யும் வேண்டாம். மருத்துவம், மின்சாரம் என்று ஏற்கெனவே பல வீடுகளில் குடியிருக்கிற சொல்.

'உலுக்குச் சோதனை' எனலாம். மரத்தை உலுக்கினால் காம்பு தளர்ந்ததுதானே உதிரும்? இங்கும் கப்பலை உடைப்பது நோக்கமில்லை. ஆளோடு, இயந்திரங்கள் ஓடும்போதே, வெடியைத் தவணைக்குத் தவணை நெருக்கிவைத்து எது கழல்கிறதென்று பார்ப்பதுதான். அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று வெடி, ஒவ்வொன்றும் 40,000 பவுண்டு, அதாவது சுமார் 18 டன்.

கப்பலுடல் பெரும்பாலும் தாங்கிவிடும், வம்பு உள்ளேதான். சர்க்யூட் பிரேக்கர் தானே விழும். ரிலே (மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் விசை) ஒரு கணம் தொட்டு விலகிப் பொய்யான கட்டளை அனுப்பும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். ரப்பர் தாங்கிமேல் நிற்கும் மின்னணுப் பெட்டி ஆட இடமில்லாவிட்டால் தடுப்புச்சுவரில் மோதும். வரைபடத்தில் இடம் விட்டிருப்பார்கள். பிறகு குழாய் போட வந்தவர் அதை அடைத்திருப்பார்! தொய்வு விடாத கேபிள் இணைப்பியோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

— — —

இதற்கு வந்த பதில்: 'உலுக்கு' எனக்கும் சம்மதம். ஆனால் 'ஒற்றை அடி' என்பது பாதிதான். முதலில் அழுத்த அலை வரும். பின்னாலேயே வெடிவாயுக் குமிழி விரிந்து சுருங்கி மீண்டும் விரியும். ஒவ்வொரு சுருக்கத்திலும் இன்னொரு தள்ளு. அந்த இடைவெளி, கப்பல் இயல்பாக ஒருமுறை வளைந்து நிமிர எடுக்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் முன்முனை முதல் பின்முனை வரை கப்பல் வில்லாக வளைந்து நிமிரும். ஆக, அது உலுக்கலேதான்.

கிளைச்சொல்லும் எளிதாக வருகிறது: உலுக்குத்தாங்கி, உலுக்குத்தாங்குதிறன். கப்பலில் ஏற்றுமுன் சிறு கருவிகளைத் தனியே பூட்டிச் சுத்தியலால் அடித்துச் சோதிக்கும் பொறிக்கு 'உலுக்குப்பொறி'; கனமானவற்றை ஏற்றிப் பக்கத்தில் வெடி வெடிக்கும் மிதவைக்கு 'உலுக்குமிதவை'. 'அதிர்வுத்தாங்கி' இருக்கட்டும், அது நடுக்கத்தைத் தணிப்பதற்கு. சொற்பட்டியலில் இரண்டையும் ஒரே பதிவில் போட வேண்டாம்.