அம்மாவிடம் வாளியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: முள்ளியவளை மகள்

அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தவர். வளவு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. விடியமுன் முற்றம் கூட்டுவார், கப்பிக் கிணற்றில் வாளியால் அள்ளிக் கீரைப் பாத்திக்கு ஊற்றுவார், குந்தியிருந்து புல் பிடுங்குவார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்களைத் தூக்கிச் சுமந்த உடம்பு, இனியாவது ஆறட்டும் என்று தம்பி கனடாவிலிருந்து பணம் அனுப்பினான். மோட்டர் போட்டோம். தண்ணீர்த் தாங்கி வைத்தோம். முற்றம் கூட்டவும் ஆள் பிடித்தோம்.

இந்த வருடப் பொங்கலுக்கு அவரை ஓட்டோவில் ஏற்றிப் போனேன். கதிரையை விட்டு எழும்ப இரண்டு கைகளையும் ஊன்றுகிறார். நேற்றுக் கீரை பிடுங்கக் குந்தியவர் எழும்ப முடியாமல் வாழையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வயது என்கிறார்கள். ஒரு வருடத்தில் ஒருவருக்குப் பத்து வயது ஏறுமா?

பதில்: இயன்மருத்துவர், வவுனியா

அக்கா, முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி, பிரஷர், இரத்தச்சோகை பார்க்கட்டும். நெஞ்சு நோவோ ஒரு பக்கக் கால் திடீரென்று சோர்வதோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

வேலை குறைந்தால் வயதானவர்களின் தொடைத் தசை விரைவாகக் கரையும். வீட்டிலேயே பார்க்கலாம்: கதிரையைச் சுவரோடு வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழும்பி உட்காரட்டும். நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். 15 செக்கனைத் தாண்டினால் கால் பலம் குறைவு.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். முற்றம் கூட்டும் ஏழு நிமிடமும் கணக்கில் சேரும்.

பதில்: ஒட்டுசுட்டான் வாசி

எங்கள் தாய்மார் பட்ட பாடு போதாதா? தேய்ந்த முழங்காலை இன்னும் தேய்க்க வேண்டுமா? என் அப்பா கிணற்றடிப் பாசியில் சறுக்கி இடுப்பு எலும்பை முறித்தவர்.

பதில்: இயன்மருத்துவர், வவுனியா

அண்ணை, உங்கள் பயம் நியாயம். கிணற்றடியைத் தேய்த்துக் கழுவாமல் யாரையும் விடக்கூடாது. ஆனால் அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான 1635 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. நடையும் கால் பயிற்சியும் செய்தவர்களில், 400 மீற்றர் நடக்கும் வலுவை இழந்தவர்கள் குறைவு. சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களில் அதிகம்.

பதில்: முள்ளியவளை மகள்

இன்று பார்த்தேன். 19 செக்கன். நான்காம் முறை கை தானாகக் கதிரைக்குப் போனது. அம்மாவே அதை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வைத்தியரிடம் போகிறோம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டார், சொன்னேன். “அந்தச் சின்ன வாளியை எங்கே வைத்தாய்?” என்றார். நாளைக்குக் கிணற்றடிப் பாசியைத் தேய்க்கப் போகிறேன்.