வாத்தியார் வீடு (குடும்பக் குழு)

வியாழன், மாலை 6.12

சண்முகம் பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் முதல் வருஷத் திதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். சாப்பாடு 60 பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பா வேலை பார்த்த பள்ளிக்கு அவர் பெயரில் ஏதாவது செய்வது என்று போன மாதம் பேசினோம். 52,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. என்ன வாங்குவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

முருகன் சித்தப்பா: பீரோ வேண்டாம்

வள்ளி அத்தை: பீரோ என்று யார் சொன்னது?

முருகன் சித்தப்பா: முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன் அக்கா

பிரியா: என்ன பீரோ?

முருகன் சித்தப்பா: தாத்தா ரிடையர் ஆனபோது உன் மாமா பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தது. நூலகப் புத்தகம் வைக்க. சாவி ஆபீஸ் ரூமில். ஒரு பிள்ளையும் ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை.

ரமேஷ் மாமா: பீரோ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

முருகன் சித்தப்பா: இருக்கிறது அத்தான். பூட்டியே இருக்கிறது.

சண்முகம் பெரியப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

கார்த்தி: அப்பா, என் கூட வேலை பார்ப்பவனின் அண்ணன் ஒரு ஸ்மார்ட் கிளாஸ் கம்பெனியில் இருக்கிறார். 6 முதல் 8 வரை எல்லாப் பாடமும் அனிமேஷனில் இருக்கும். வருஷச் சந்தா 45,000. நமக்கு 30,000க்குத் தருவார். பிள்ளைகள் டி.வி.யில் பார்த்துப் படிக்கலாம்.

சண்முகம் பெரியப்பா: நல்ல யோசனையாக இருக்கிறதே

ரமேஷ் மாமா: சூப்பர் கார்த்தி

வள்ளி அத்தை: தாத்தா படம் டி.வி.யில் முதலில் வருகிற மாதிரி செய்ய முடியுமா

செல்வி அக்கா: கார்த்தி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. பொறுங்கள், டைப் செய்கிறேன்.

முருகன் சித்தப்பா: டீச்சர் வந்துவிட்டாள். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

செல்வி அக்கா: நான் முன்பு இருந்த பள்ளிக்கு ஒரு நல்ல மனிதர் இதே மாதிரி ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஓடியது. அடுத்த ஜூனில் பள்ளி திறந்த அன்று போட்டால் பாஸ்வேர்டு கேட்டது. சந்தா முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் பள்ளியில் பணம் இல்லை. பாடம் ஒன்றையும் காப்பி எடுத்து வைக்கவும் முடியாதபடி செய்திருந்தார்கள். டி.வி. மட்டும் சுவரில் இருந்தது. இன்னொன்று, நீர்ச் சுழற்சிப் பாடத்தில் பனி பெய்வதைக் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கண்மாய். அந்த இடத்தில் நம் ஊர்க் கண்மாய்ப் படத்தை வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. வகுப்பு எடுப்பவள் நான், ஆனால் அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு இடமும் இல்லை.

பிரியா: அக்கா அன்றைக்கு அழுதாள்

செல்வி அக்கா: அதை ஏன் இங்கே சொல்கிறாய்

முருகன் சித்தப்பா: யூடியூபில் எல்லாம் சும்மாவே இருக்கிறதே செல்வி

செல்வி அக்கா: சித்தப்பா, சும்மா கிடைப்பது வேறு, நமக்குத் திறந்திருப்பது வேறு. யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் எல்லா வீடியோவையும் இறக்கி, வெட்டி, நம் குரலைச் சேர்த்து, பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்க உரிமை கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று, அதாவது பிறரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவரே தரும் உரிமம், போட்டிருந்தால்தான் அது முடியும். நான் தேடுவது ஐந்து விஷயத்துக்கும் அனுமதி உள்ளதை: நம்மிடமே வைத்துக்கொள்ள, வகுப்பில் பயன்படுத்த, திருத்த, இன்னொன்றோடு சேர்க்க, பிறருக்குக் கொடுக்க. இதைத்தான் திறந்த கல்வி வளம் என்கிறோம். ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2002இலேயே இந்தப் பெயரை வைத்தது. எல்லா நாடுகளும் இதை வளர்க்க வேண்டும் என்று 2019இல் பரிந்துரையும் நிறைவேற்றினார்கள்.

வள்ளி அத்தை: அண்ணா, வாழை இலை யார் வாங்குவது? போன தடவை கிழிந்த இலையாகக் கொடுத்துவிட்டான்

சண்முகம் பெரியப்பா: சொல்லியாகிவிட்டது வள்ளி. 70 இலை.

ரமேஷ் மாமா: எனக்கு ஒரு சந்தேகம் செல்வி. எல்லாம் இலவசம் என்றால் நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

முருகன் சித்தப்பா: அத்தான் கேட்பது சரிதான்

கார்த்தி: அதோடு, இலவசத்தில் தரம் இருக்குமா அக்கா?

செல்வி அக்கா: தரத்தை முதலில் சொல்கிறேன். ஃபெட் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கியது. அவர் அதற்கு முந்தைய வருஷம் இயற்பியலில் நோபல் வாங்கியவர். அறிவியல், கணக்கு சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே நாம் செய்து பார்க்கும் சோதனைகள், நிறைய இருக்கின்றன. பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒரு தடவை இறக்கி பென்டிரைவில் போட்டுவிட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

போன மாதம் ஏழாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. ஃபெட்டைத் திறந்து, திரையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, கொஞ்சம் வயர், எரிய வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதலில் வந்த பையன் பல்பை விட்டுவிட்டு வயரைப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நேராகச் சேர்த்தான். திரையில் பேட்டரி தீப்பிடித்து எரிந்தது. மொத்த வகுப்பும் கத்தியது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், வருஷம் முழுக்க வாயே திறக்காதவள், எழுந்து வந்து வயரை எடுத்தாள். பல்பை நடுவில் வைத்து மறுபடி சேர்த்தாள். எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, “டீச்சர், இன்னொரு பேட்டரி வைத்தால் வெளிச்சம் கூடுமா?” என்று கேட்டாள். வைத்துப் பார் என்றேன். மறுநாள் வீட்டிலிருந்து பழைய டார்ச் பேட்டரியும் பல்பும் கொண்டு வந்துவிட்டாள். இனி அந்தப் பாடம் அவளுக்கு மறக்காது.

பிரியா: ❤️

வள்ளி அத்தை: பாவம் அந்தப் பிள்ளை. யார் மகள்?

செல்வி அக்கா: பெயர் வேண்டாம் அத்தை.

கார்த்தி: சரி அக்கா. ஆனால் தமிழ்நாட்டுப் பாடத்துக்கு இது பொருந்துமா?

செல்வி அக்கா: நம் பாடநூலிலேயே இருக்கிறது கார்த்தி. 2018இல் புதுப் பாடநூல் வந்தபோதே க்யூஆர் கோடு வைத்தார்கள். போனில் மத்திய அரசின் தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். பல பாடங்களின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் வரும். அறிவியலில் சில இடங்களில் ஃபெட்டையும், கணக்கில் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளையும் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தாத்தா பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது. சிக்னலுக்கு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். 30 பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டு யார் ஸ்கேன் செய்வது?

முருகன் சித்தப்பா: அந்த வேப்பமரம் நம் எல்லையில்தான் இருக்கிறது. அதையும் இன்னும் அளந்து கொடுக்கவில்லை.

சண்முகம் பெரியப்பா: முருகா. திதி முடியட்டும்.

ரமேஷ் மாமா: என் கேள்விக்குப் பதில் வரவில்லை

செல்வி அக்கா: சொல்கிறேன் மாமா. பாடத்துக்குப் பணம் வேண்டாம். அதைப் பிள்ளை கண் முன்னால் கொண்டுவரத்தான் பணம் வேண்டும். டி.வி. அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒரு லேப்டாப் 35,000. நல்ல ஸ்பீக்கர் 4,000. ஒரு ஹார்டு டிஸ்க் 5,000. அதில் ஃபெட் முழுதும், தமிழ் விக்கிப்பீடியா முழுதும் ஏற்றித் தருகிறேன். கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கட்டுரைகளை நெட் இல்லாமல் படிக்கலாம். அப்புறம் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமம்தான். எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு அச்சடிக்கலாம், நாமே மொழிபெயர்க்கலாம். மிச்சம் 8,000 இருக்கிறது இல்லையா, அதில் ஒன்று இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைகளைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து வீட்டுக்கே கொடுத்துவிடலாம். பூட்டி வைக்க அதில் ஒன்றும் இருக்காது.

ரமேஷ் மாமா: பீரோவைச் சொல்கிறாய்

செல்வி அக்கா: இல்லை மாமா, சத்தியமாக இல்லை. அன்றைக்கு நீங்கள் ஒருவர்தான் பள்ளிக்கு என்று கொடுத்தீர்கள். அது எனக்கு மறக்கவில்லை.

வள்ளி அத்தை: அவர் அமைதியாகிவிட்டார். அந்தப் பீரோவுக்கு அவருடைய போனஸ் முழுதும் போனது தம்பி. உனக்குத் தெரியாது.

முருகன் சித்தப்பா: தெரியாது அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அத்தான்.

ரமேஷ் மாமா: 👍

இரவு 8.40

பிரியா: எல்லோரும் கேளுங்கள். தாத்தாவின் நோட்டுகள் எங்கே? அதையும் இந்த ஹார்டு டிஸ்கில் போட்டால் என்ன?

கார்த்தி: என்ன நோட்டு

செல்வி அக்கா: நீ சின்னப் பையன். நீளமான கணக்கு நோட்டு, காக்கி அட்டை. அறிவியல் படம் எல்லாம் நீல மையில் கையால் வரைந்திருப்பார். பல்பு வரைந்தால் உள்ளே இருக்கும் இழைச் சுருளை மட்டும் சிவப்பு மையில் போடுவார். வருஷக் கடைசியில் கேள்விகளை எல்லாம் ஸ்டென்சிலில் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் நகல் எடுத்து, சுற்றியுள்ள நாலு பள்ளிக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். மற்ற பள்ளி வாத்தியார்கள் வந்து நம் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு ஆச்சி காபி கொடுத்தே களைத்துப் போவாள்.

சண்முகம் பெரியப்பா: ஆமாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் திண்ணையில் இடம் இருக்காது.

முருகன் சித்தப்பா: நோட்டு எல்லாம் டிரங்க் பெட்டியில். பெட்டி மதுரையில்.

வள்ளி அத்தை: நான் திருடிக்கொண்டு வரவில்லை. அப்பாதான் எடுத்துப் போகச் சொன்னார்.

முருகன் சித்தப்பா: நான் அப்படிச் சொல்லவில்லையே

வள்ளி அத்தை: சொல்லாமல் சொன்னாய்

செல்வி அக்கா: அத்தை, அது உங்களிடம் இருந்ததால்தான் கரையான் அரிக்காமல் பிழைத்தது. ஸ்கேன் எடுக்கத்தான் கேட்கிறோம். ஆனால் ஒன்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் பதிப்புரிமை வாரிசுகளுக்குத்தான், நம் நாட்டுச் சட்டம் அப்படி. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்த உரிமத்தில் போட வேண்டுமானால் ஆச்சி, பெரியப்பா, எங்கள் அப்பா, அத்தை, சித்தப்பா ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். அப்பாவுக்கு வாட்ஸ்அப் கிடையாது, நேரில் கேட்டுவிட்டேன். சரி என்றார். ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

முருகன் சித்தப்பா: நிலத்துக்குக் கையெழுத்து கேட்டால் மட்டும் நாள் தள்ளுகிறீர்கள். இதற்கு உடனே வேண்டுமா

சண்முகம் பெரியப்பா: டேய்

செல்வி அக்கா: சித்தப்பா, அது வேறு தாள், இது வேறு தாள். நம் எட்டயபுரத்து ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி பாட்டின் உரிமை தனியார் கையில் இருந்த காலம் உண்டு. 1949இல் அரசு அதை வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதனால்தான் தாத்தா யாரையும் கேட்காமல் காலைக் கூட்டத்தில் பாட வைத்தார், நானும் இப்போது பாட வைக்கிறேன். தாத்தா படங்களும் அப்படி நாலு பள்ளிக்குப் போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கார்த்தி: கம்பெனிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். லேப்டாப் நான் பார்க்கிறேன் அக்கா. ஸ்கேனுக்குப் போன் ஆப் போதும். சனிக்கிழமை ராத்திரியே உட்காரலாம்.

பிரியா: ஆச்சி குரல் பதிவு அனுப்பச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே டைப் செய்கிறேன். “அந்த மனுஷன் இருந்தவரை நோட்டைப் பூட்டி வைத்ததே இல்லை. வந்தவன் எல்லாம் எழுதிக்கொண்டு போனான். காபித்தூள் கணக்கு எனக்குத்தான் தெரியும். நான் கைநாட்டு வைக்கிறேன், எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். வள்ளி, வரும்போது என் பிரஷர் மாத்திரை வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை.”

வள்ளி அத்தை: மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பு பிரியா

சண்முகம் பெரியப்பா: நான் கையெழுத்துப் போடுகிறேன். முருகா?

சண்முகம் பெரியப்பா: முருகா?

முருகன் சித்தப்பா: நேரில் பேசிக்கொள்ளலாம் அண்ணா. நோட்டை முதலில் பார்க்கிறேன். பார்த்துப் பத்து வருஷம் இருக்கும்.

ரமேஷ் மாமா: ஞாயிறு பள்ளி லீவு ஆயிற்றே. யாரிடம் கொடுப்பது?

சண்முகம் பெரியப்பா: அட ஆமாம். திங்கட்கிழமை காலை காலைக் கூட்டத்தில் கொடுக்கலாமா? யார் யாருக்கு லீவு கிடைக்கும்?

கார்த்தி: எனக்குக் கஷ்டம்

செல்வி அக்கா: எனக்கும் பள்ளி இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம், பொருளைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அங்கே இருக்கிற டீச்சரோடு யாராவது இரண்டு நாள் உட்கார்ந்து, அவரையே போட்டுப் பார்க்க வைக்க வேண்டும். நான் இரண்டு சனிக்கிழமை வருகிறேன். பெரியப்பா, நீங்கள் ஹெச்.எம்.மிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.

சண்முகம் பெரியப்பா: நாளைக்குப் போய்ப் பேசுகிறேன்

கார்த்தி: அப்பா, அந்த டி.வி.க்குப் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுங்கள்

சண்முகம் பெரியப்பா: என்ன ஓட்டை?

பிரியா: பெரியப்பாவோடு நான் போகிறேன்

இரவு 10.05

வள்ளி அத்தை: பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவிட்டோம். சாவி காணவில்லை. அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வள்ளி அத்தை: 📷

வள்ளி அத்தை: திறந்துவிட்டது. 14 நோட்டு இருக்கிறது. செல்வி, நீ சொன்ன பல்பு மூன்றாவது நோட்டில் இருக்கிறது. சிவப்பு மை கொஞ்சமும் மங்கவில்லை.

முருகன் சித்தப்பா: அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்பு அக்கா. தெளிவாக.

வள்ளி அத்தை: காலையில் வெளிச்சத்தில் எடுக்கிறேன் தம்பி. அண்ணா, சாம்பாரில் முருங்கைக்காய் போடச் சொல்லாதே, இவருக்கு ஆகாது.