கெம்போங் மெலிந்துவிட்டதா, சின்னதிலேயே பிடிக்கிறார்களா? பார்த்ததைச் சொல்லுங்கள்

பாயான் லெப்பாஸ் வாசி:

"கெம்போங் முன்ன மாதிரி இல்லை" என்ற பேச்சு பினாங்குப் பாசார்களில் (சந்தைகளில்) ஓய்வதே இல்லை. கானாங்கெளுத்தி வகை மீனைத்தான் மலேசியாவில் கெம்போங் என்கிறோம். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அப்படிச் சொல்லும்போது இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மீனின் நீளம் குறைந்திருக்கிறதா, நீளம் அப்படியே இருந்து சதை வற்றியிருக்கிறதா? முதலாவதற்கு வலையே காரணமாக இருக்கலாம். வளர விடாமல் அள்ளினால் பாசாருக்குச் சின்ன மீன்தான் வரும். சதை வற்றியிருந்தால் கடலில் தீனி சரியில்லை, அல்லது மீன் அப்போதுதான் முட்டையிட்டு முடித்திருக்கிறது.

நான் கடல் உயிரியல் படித்தவன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீனில் கத்தி வைக்க மாட்டேன். கெம்போங்கின் செவுள் வளைவில், சிவப்பு இழைகளுக்கு எதிர்ப்பக்கம், இறகு போல நீளமான வெளிர் முட்கள் வரிசையாக நிற்கும். வாயைத் திறந்தபடி நீந்திக் கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அதில்தான் வடிகட்டித் தின்கிறது. அதனால் இரை எவ்வளவு இருக்கிறது என்பதோடு, இரை எவ்வளவு பெரியது என்பதும் இதன் உடம்பைத் தீர்மானிக்கும்.

சமையலறை, கடை, தூண்டில், எங்கே பார்த்திருந்தாலும் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடை அக்கா:

தம்பி, எங்க கடையில கெம்போங் இல்லாத நாளே கிடையாது. நல்ல மீன்னா முதுகைப் பிடிச்சாலே தெரிஞ்சிடும், விரலுக்குக் கனமா நிக்கும். வயித்தைக் கீறினா குடலைச் சுத்தி வெள்ளையா நெய் ஒட்டியிருக்கும், கத்தி வழுக்கும். சட்டியில போட்டா அதுவே எண்ணெய் விடும். மெலிஞ்சதுக்குத் தலை மட்டும் பெருசாத் தெரியும், தலைக்குப் பின்னால முதுகு ஒடுங்கிக் கிடக்கும். பொரிச்சா விறைச்சுப் போயி சதை முள்ளை விட்டு வராது. மீனைக் காய வச்சுப் பொரிச்சீங்களான்னு சாப்பிட வர்றவங்க கேக்குறாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

கிலோவுக்கு நிறைய மீன் ஏறினா எனக்கு லாபம்னு சிலர் நினைக்கிறாங்க. சின்ன மீனைத் தட்டுல வச்சா ரெண்டா வைக்கணும். மசாலாவும் எண்ணெயும் கேஸும் ரெண்டு மடங்கு, கழிச்சுப் போடுற தலையும் முள்ளும் ரெண்டு மடங்கு. ஆனா வருஷம் பூரா ஒரே மாதிரி மெலிவு இல்லை தம்பி. சில சமயம் முட்டையோட தளதளன்னு வரும், அப்புறம் வெறும் வயிறா வரும்.

தெலுக் கும்பார் தூண்டில்காரர்:

ஒண்ணு மட்டும் சொல்றேன். கரையோரக் கலங்கல் தண்ணியில அப்போலோ (ஒரே நரம்புல பல சின்னத் தூண்டில் முள் கோத்தது) போட்டா ஏறுறது பெரும்பாலும் கெம்போங் பெரெம்புவான், உடம்பு அகலம். வெளியே தெளிஞ்ச தண்ணியில கிடைக்கிற லெலாக்கி இயற்கையிலேயே நீண்டு ஒல்லியா இருக்கும். ரெண்டும் வேற வேற இனம். கடையில கலந்து கொட்டியிருக்கும்போது லெலாக்கியைப் பார்த்துட்டு மெலிஞ்சிடுச்சுன்னு சொல்லக்கூடாது.

செலாயாங் பேரன், கோலாலம்பூர்:

எங்கள் பூர்வீகம் குளச்சல் பக்கம். கெம்போங் இல்லை, சாளை (மத்தி மீன்) பற்றிச் சொல்கிறேன். கேரளக் கரையில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021-ல் அது சுமார் 3,300 டன்னாக விழுந்தது. அந்த வருஷங்களில் மாமா வீட்டில் சாளை வாங்குவது கல்யாணச் செலவு கணக்கில் பேசப்பட்டது. பிறகு 2024 மழைக்காலம் முடிந்ததும் கரையெங்கும் சாளை, ஆனால் எல்லாம் பொடி. பெரிதாகும் என்று காத்திருந்தார்கள், ஆகவில்லை. மழைக்காலத்தில் தீனி பெருகிக் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன, பிறகு அத்தனையும் ஒரே தீனிக்குப் போட்டியிட்டதால் வளர்ச்சி நின்றது என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்கினார்கள். மீன் குறைந்தாலும் கஷ்டம், ஒரேயடியாகப் பெருகினாலும் கஷ்டமா?

பாயான் லெப்பாஸ் வாசி:

ஆமாம், பெருகினாலும் கஷ்டம்தான். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் 1980-களின் கடைசியில் காட் மீன் வீழ்ந்தது. அதற்கு இரையாகிவந்த ஸ்ப்ராட் என்ற சாளை போன்ற சின்ன மீன் பெருகியது. 1990-களில் ஸ்ப்ராட்டும், அதே குடும்பத்து ஹெர்ரிங் மீனும் அதே வயதில் முன்பிருந்த எடைக்கு வரவே இல்லை.

என்னை அதிகம் உலுக்குவது பிரான்ஸின் தெற்கே லயன் வளைகுடா. 2008 வாக்கிலிருந்து அங்கே சாளை இனம் சிறுத்தது, மெலிந்தது, வயதான மீன்கள் காணாமல் போயின. பத்தே வருஷத்தில் சராசரி நீளம் 15 செ.மீ.யிலிருந்து 11 செ.மீ.க்கு இறங்கியது. மீன்பிடிப்பு, சூரைமீன், நோய் என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்கள், எதுவும் முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை. பிறகு தொட்டியில் சாளை வளர்த்து ஒரு கூட்டத்துக்குப் பெரிய உருண்டைத் தீனியும் இன்னொன்றுக்குப் பொடித் தீனியும் போட்டார்கள். பொடி தின்ற மீன் அதே உடம்பைப் பெற ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்ன வேண்டியிருந்தது. பெரிய இரையைக் கண்டு கவ்விவிடும். பொடியென்றால் வாயைத் திறந்து வேகமாக நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், தின்ற சக்தி அதிலேயே போய்விடும். தண்ணீர் சூடானால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் கூடும்.

பினாங்கில் குட்டிக் கெம்போங்கைக் கண்டால் நான் முதலில் வலையைத்தான் சந்தேகிப்பேன். பெரெம்புவான் முதன்முதலில் முட்டை பிடிப்பது 17 செ.மீ. வாக்கில். அதற்குக் குறைந்ததைக் கிலோ கிலோவாக விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மெலிவுக்கு வேறு கணக்கு. கிராமில் எடையை 100-ஆல் பெருக்கி, நீளம் × நீளம் × நீளம் (செ.மீ.) என்று பெருக்கி வந்ததால் வகுங்கள். விடை கூடினால் சதைப்பிடிப்பு, குறைந்தால் மெலிவு. 20 செ.மீ. மீன் 100 கிராம் இருந்தால் 1.25. அதே நீளத்தில் 84 கிராம் என்றால் 1.05. ஒரே இனத்துக்குள், ஏறக்குறைய ஒரே நீளத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடை அக்கா:

தராசு, மகளோட ஸ்கேல் ரெண்டையும் எடுத்து வச்சேன். ரெண்டுமே பெரெம்புவான்தான். ஒண்ணு 20 செ.மீ., 104 கிராம், வயிறு நிறைய மஞ்சள் முட்டை. இன்னொண்ணு 21 செ.மீ., 102 கிராம். அதுல முட்டையும் இல்லை, நெய்யும் இல்லை, தொளதொளன்னு சிவப்பா ரெண்டு பை மட்டும் சுருங்கிக் கிடக்கு. இது பட்டினியா தம்பி?

பாயான் லெப்பாஸ் வாசி:

முதல் மீன் 1.30, இரண்டாவது 1.10 அக்கா. அந்தச் சிவப்புப் பைகள் முட்டை கொட்டி முடித்த சினைப்பைகள். சேர்த்துவைத்த கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போய்விட்டது, அதனால் இதைப் பட்டினிக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டையும் இல்லாமல், சுருங்கிய பையும் இல்லாமல் வயிறு வெறுமையாக வருகிற மீன்களைத் தனியாக எழுதிவையுங்கள். எடையோடு தேதியும் போடுங்கள், எந்தக் கரையில் பிடித்தது என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.