மேத்ஸை விட்டு மேத்ஸ் லிட்டுக்கு (மேத்ஸுக்குப் பதிலாக எடுக்கும் எளிய, அன்றாடக் கணக்குப் பாடம்) மாறலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த். மகள் 11ஆம் வகுப்பு. அடுத்த ஆண்டு சி.ஏ.ஓ. (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அலுவலகம்) வழியாக பி.காம் அக்கவுண்டிங்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். மேத்ஸ்தான் இடிக்கிறது: மார்ச்சில் 44, ஜூனில் 39, செப்டம்பரில் 41 சதவீதம். அக்கவுண்டிங்கில் 74, மற்றவை எல்லாம் 65க்கு மேல்.

முதல் தாளில் சமாளித்துவிடுகிறாள். சறுக்குவது இரண்டாம் தாளில், அதிலும் வட்டத் தேற்றங்களில். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால் கோணத்தின் அளவு சரி, பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய இடம் காலி. காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் கேள்விக்குக் கேள்வி போய்விடுகிறது. திரிகோணமிதியில் 180° கழிக்கும்போது கூட்டல், கழித்தல் குறியைத் தவறாகப் போட்டுவிடுகிறாள்.

ஏப்ரலிலிருந்து சனிக்கிழமைதோறும் 2 மணி நேர டியூஷன். 9ஆம் வகுப்புக் காரணிப்படுத்தலைத் திரும்பப் போட்டாயிற்று. பழைய நவம்பர் தாள்கள் மூன்றை நேரம் வைத்து எழுதினாள். தேற்றங்களை அட்டையில் எழுதியும் வைத்தோம். கேட்டால் ஒப்பிக்கிறாள், படத்தில் எது எங்கே என்று பிடிபடவில்லை.

மதிப்பெண்ணை 1 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மேத்ஸ் லிட்டில் 70 வாங்கினால் 6ஆம் நிலை. இப்போது மேத்ஸில் இருப்பது 3. சேர்க்கைக்கான மொத்தப் புள்ளி கூடும்தான். ஆனால் அக்கவுண்டிங் பட்டத்துக்கு மேத்ஸையே கேட்கிறார்கள், மேத்ஸ் லிட் எடுபடாது. அவள் ஆசையோ கணக்காளர் ஆவதுதான். பல்கலைக்கழகத்தின் முதல் கட்டச் சேர்க்கை முடிவுக்கு 11ஆம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள் என்பதால் நவம்பர் தேர்வும் நெருக்குகிறது.

12ஆம் வகுப்பு மேத்ஸ் நடத்தும் ஆசிரியர்கள் சொல்லுங்கள்: 41இல் நிற்கும் பிள்ளையை ஓராண்டில் 60க்குக் கொண்டுவர முடியுமா, இல்லை ஜனவரியிலேயே மாற்றிவிடுவதா?