ஊர்ச் சாவடிப் போர்க் கல்லில் பெயர் சேர்க்க முடியுமா?

அடிவாரத்தான்:
ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914-1919 பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்து இறந்தவர் எண்ணிக்கை 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. இப்போது பசங்க கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எனாமல் அடிக்கலாம் என்கிறார்கள். பெயர்களை எங்கே தேடுவது?

மலைக்காரன்:
ஐயோ, கம்பி பிரஷ் வேண்டாங்க, எழுத்தே போய்விடும்! ராத்திரியில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், 3-ஆ 8-ஆ என்று நிழலே சொல்லிவிடும்.

பழைய பட்டாளம்:
போரில் இறந்த சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம், சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். ஆனால் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியது, அதனால் ஊர்ப் பெயரை நாலு விதமாக அடித்துப் பாருங்கள். ஈராக்கில் அதே போரில் இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோரை வெறும் எண்ணிக்கையாகத்தான் வைத்தார்கள், அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். நடுகல்லில் யார், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று நம்ம ஆட்கள் எப்போதோ வெட்டி வைத்தார்கள், இவர்களுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

அடிவாரத்தான்:
டார்ச் அடித்துப் பார்த்தாச்சு. 3 தான்.